மூளையைக் கற்ற மாணாக்கர்



1963ஆம் ஆண்டில் மருத்துவத்துக்குரிய நொபெல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த சேர் ஜோன் எக்கிள்ஸ். மற்றையோர் ஆங்கிலேயராகிய அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ஆவர். நரம்பின் வழியே செய்தி எவ்வாறு ஓடுகின்றது, ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்தை எவ்வாறு தூண்டுகின்றது அல்லது அடக்குகின்றது என்பவற்றை விளக்கியமைக்காக இப்பரிசு கிடைத்தது. இவர்களுடைய கண்டுபிடிப்புக்களைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். இவர்கள் மாணாக்கராயிருந்த காலத்தைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆயினும், ஒரு துறை வளர்ந்த கதையை அறிய விரும்புவோர் அத்துறை கற்பிக்கப்பட்ட இடத்தையும் சென்று பார்த்தல் வேண்டும்.

முதலில், அவர்களுக்கு முன்னிருந்த வினா யாது என நோக்குவோம். 1873ஆம் ஆண்டில் இத்தாலியராகிய கமிலோ கொல்கி என்பவர், மூளையின் இழையத்திலே சிற்சில கலங்களை மட்டும் கருநிறமாக்கிக் காட்டும் சாயமுறை ஒன்றைக் கண்டார். அம்முறையைத் திருத்திக் கையாண்ட ஸ்பானியராகிய ரமோன் இ கஹால், நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையன்று, தனித்தனியானவை என்று 1888ஆம் ஆண்டு முதல் எடுத்துக்காட்டினார். தனித்தனியானவை எனின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி செல்வது எங்ஙனம்? இவ்வினாவே பின்வந்த அரை நூற்றாண்டை ஆட்கொண்டது.

அக்கலங்கள் சந்திக்கும் இடத்துக்குப் பெயர் சூட்டியவர் சேர் சாள்ஸ் ஷெரிங்டன். அப்பெயர் பிறந்த இடம் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றின் மேடையன்று. கேம்பிரிட்ஜிலே உடற்றொழிலியற் பேராசிரியராயிருந்த மைக்கல் பொஸ்டர், மாணாக்கருக்கென எழுதிய பாடநூலின் புதிய பதிப்புக்கு நரம்பு மண்டலம் பற்றிய பகுதியை எழுதித் தருமாறு ஷெரிங்டனை வேண்டினார். எழுதப் புகுந்தவருக்குச் சொல் ஒன்று தேவைப்பட்டது. கிரேக்க மொழி வல்லார் ஒருவரின் துணையுடன், பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருள்படும் 'சினப்ஸ்' என்ற சொல் 1897ஆம் ஆண்டில் அந்நூலில் இடம்பெற்றது. இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல், மாணாக்கருக்கு ஒன்றை விளக்க வேண்டிய தேவையினாற் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

லிவர்ப்பூலில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கற்பித்த ஷெரிங்டன், 1913ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டுக்குப் பேராசிரியராகச் சென்றார். தவளையின் தசையையும் நரம்பையும் கொண்டே மாணாக்கருக்குச் செய்முறைப் பயிற்சி அளித்தல் அக்காலத்துப் பெருவழக்கு. ஷெரிங்டனோ பாலூட்டிகளின் நரம்புத் தொழிலை மாணாக்கர் தம் கையாலே செய்து அறிதல் வேண்டுமெனக் கருதினார். உணர்வு முற்றாக நீக்கப்பட்ட பூனையின் முண்ணாண் எவ்வாறு தொழிற்படுகின்றது, ஒரு தசை சுருங்குங்கால் அதற்கு எதிரான தசை எவ்வாறு தளர்கின்றது என்பவற்றை அவர்கள் தாமே கண்டு பதிவு செய்தனர். இப்பயிற்சிகள் 1919ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பாடநூல் கூறுவதை நம்புதல் ஒன்று; தன் முன்னே நிகழ்வதை அளந்து ஏற்றல் மற்றொன்று. ஷெரிங்டனின் வகுப்பு இவற்றுள் இரண்டாவதைப் பழக்கியது.

கடல் கடந்தும் மாணாக்கர் அவரைத் தேடி வந்தனர். பின்னாளிலே மொன்றியலில் நரம்பியல் நிறுவனம் அமைத்த வைல்டர் பென்ஃபீல்டு, பெனிசிலினை மருந்தாக்கிய ஹவார்ட் ஃபுளோரி ஆகியோர் றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்டை அடைந்தவர்கள். எக்கிள்ஸும் அவ்வாறு வந்தவரே. மெல்பேணில் மருத்துவம் பயின்ற காலத்தில், மனத்துக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. நூல்கள் பலவற்றை நாடியும் அமைதி பெறாத அவர், 1906ஆம் ஆண்டில் வெளிவந்த ஷெரிங்டனின் பெருநூலைக் கற்று, இவரே என் ஆசான் எனத் துணிந்தார். 1925ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னரும், ஒக்ஸ்போர்டிலே மீண்டும் இளநிலை மாணாக்கராக அமர்ந்து, 1927ஆம் ஆண்டில் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிலே தேறினார். பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவர் மறுபடியும் மாணவராகத் துணிந்தமை, கல்வியின்பால் அவர் கொண்ட வேட்கைக்குச் சான்றாகும்.

கேம்பிரிட்ஜிலும் இத்தகைய மரபு ஒன்று இருந்தது. கீத் லூக்கஸ் என்பவர், நரம்பும் தசையும் ஏற்கும் தூண்டுதலை நுட்பமாக அளந்தவர். அவர் 1916ஆம் ஆண்டில் விமான விபத்தில் மாண்டார். அவருடைய மாணாக்கர் எட்கார் ஏட்ரியன் அப்பணியைத் தொடர்ந்து, 1932ஆம் ஆண்டில் ஷெரிங்டனுடன் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்நாளில் அங்கே கற்ற ஹொட்ஜ்கின், பட்டம் பெறுமுன்னரே தவளை நரம்பிலே தாமாகப் பரிசோதனை செய்யத் தொடங்கினார். நரம்பின் ஓரிடத்தைக் குளிராற் செயலிழக்கச் செய்தார். செய்தி அத்தடையைத் தாண்டவில்லை. எனினும், தடைக்கு அப்பாலுள்ள பகுதி முன்னிலும் எளிதிலே தூண்டப்படுவதாயிற்று. மின்னோட்டமே நரம்புச் செய்தியை முன்னெடுத்துச் செல்கின்றது என்பதற்கு அஃது ஆதாரமாயிற்று.

ஹக்ஸ்லியின் கதை வேறு. எந்திரவியலாளராக வேண்டுமென்னும் எண்ணத்துடன் 1935ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் புகுந்தவர் அவர். விதிப்படி மேலும் ஒரு பாடம் எடுக்க வேண்டியிருந்தமையால் உடற்றொழிலியலைத் தெரிந்தார். துணைப்பாடமாக வந்தது வாழ்க்கைப் பாடமாயிற்று. 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஹொட்ஜ்கின் அவரைப் பிளிமத் நகரின் கடலாய்வு நிலையத்துக்கு அழைத்தார். கணவாயின் உடலிலுள்ள நரம்பிழை ஒன்று மிகப் பருமனானது, வெறுங்கண்ணுக்கே புலப்படுவது. அதன் உள்ளே நுண்ணிய மின்வாயைச் செலுத்தி, செய்தி செல்லும் கணத்தில் உள்ளிருக்கும் மின்னழுத்தத்தை இருவரும் அளந்தனர். அழுத்தம் மறைந்தொழியும் என்பது அந்நாளைய கொள்கை. அதுவோ மறைந்ததோடமையாது திசைமாறி நின்றது. காரணத்தை ஆராயுமுன் போர் மூண்டது. 1952ஆம் ஆண்டிலேயே முழு விளக்கமும் வெளிவந்தது. அதற்கான கணக்கீடுகளை ஹக்ஸ்லி, கையாற் சுழற்றும் கணிப்பொறி ஒன்றைக்கொண்டே செய்து முடித்தார்.

எக்கிள்ஸ் இதற்கிடையில் பெரும் விவாதமொன்றில் ஈடுபட்டிருந்தார். நரம்பிணைவிலே செய்தி தாவுவது மின்னாலேயே என்பது அவர் கொள்கை. இரசாயனப் பொருளால் என்றனர் சேர் ஹென்றி டேல் முதலானோர். ஆண்டுகள் பலவாக எக்கிள்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 1951ஆம் ஆண்டில், நியூசிலாந்தின் டனீடின் நகரிலே தம் கூட்டாளிகளுடன் முண்ணாணின் நரம்புக்கலத்தினுள்ளே நுண்மின்வாயைச் செலுத்தினார். அடக்கும் செய்தி வந்தபோது கலத்தின் மின்னழுத்தம், தமது கொள்கை எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக மாறுவதைக் கண்டார். தம் கையாற் செய்த பரிசோதனையே தம் கொள்கையை வீழ்த்தியது. அவர் அதனை மறைத்தாரல்லர். வெளிப்படையாக அறிவித்து, எதிர்த்தரப்பின் கொள்கையை ஏற்று, அவ்வழியிலேயே பின்னும் ஆராய்ந்தார். நொபெல் பரிசு பெற்றுத் தந்தவற்றுள் இப்பணியும் ஒன்று.

இத்துணிவு எங்கிருந்து வந்தது? கொள்கை பொய்ப்பது இழிவன்று என்பதை, நியூசிலாந்தில் தாம் சந்தித்த தத்துவ அறிஞர் கார்ல் பொப்பரிடம் கற்றதாக எக்கிள்ஸ் கூறியுள்ளார். அதற்கு முன்னரே ஒக்ஸ்போர்டில் வித்து இடப்பட்டிருந்தது. அறிந்தவற்றைக் கற்பிக்கும் முறையை அப்பல்கலைக்கழகம் நூற்றாண்டுகளாகப் பயின்றுள்ளது. இனி, இதுவரை அறியப்படாதவற்றை எதிர்கொள்ளும் மனப்பான்மையையும் கற்பித்தல் வேண்டும் என்பது ஷெரிங்டனின் எண்ணம். அவர் 1952ஆம் ஆண்டில், தமது 94ஆவது வயதிற் காலமானார்.

அவர் காலத்திலே இத்துறைக்குத் தனிப்பெயர் இருக்கவில்லை. 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஷ்மிட், உயிரியல், இரசாயனம், பௌதிகம், உளவியல் வல்லோரை ஒன்றுகூட்டி நரம்பு விஞ்ஞான ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார். 1969ஆம் ஆண்டிலே நரம்பு விஞ்ஞானக் கழகம் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 1970களில் ஆம்ஹேர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் இளநிலைப் பட்டத்துக்கே இதனைத் தனிப்பாடமாக்கின. இன்று பல நாடுகளில் இளைஞர் இப்பட்டத்தை நாடுகின்றனர். கலத்தின் இரசாயனம், மின்னியல், கணிதம், நடத்தையியல் ஆகிய யாவும் அவர்கள் தலைமேற் சுமத்தப்படுகின்றன. சுமை பெரிதாகப் பெரிதாக, மனனஞ் செய்து தேறினாற் போதும் என்னும் எண்ணமும் வளர இடமுண்டு.

அவ்வெண்ணம் வென்றுவிடுமாயின் இழப்பு மாணாக்கருக்கு மட்டுமன்று. நினைவு எவ்வாறு பதிகின்றது, உணர்வு எவ்வாறு தோன்றுகின்றது என்பன இன்னும் முற்றாக விடைகாணப்படாத வினாக்கள். மூளை நோயாற் பெற்றோரின் நினைவு மங்கக் கண்ட குடும்பங்கள் அவ்விடைக்காகக் காத்திருக்கின்றன. பாடநூலின் இறுதிப் பக்கத்தோடு நின்றுவிடும் மாணாக்கர் அவ்விடையைத் தேடிச் செல்லார். நூல் கூறுவதைக் கற்று, அதனைத் தாமே சோதித்து, பிழை காணுமிடத்துத் தம் கொள்கையையும் கைவிடத் துணிவோரே தேடிச் செல்வர். அத்தகையோர், செய்முறைக்கும் வினாவுக்கும் இடம் தரும் வகுப்பறைகளிலேயே உருவாகின்றனர்.