விமானிக்கு நெய்த இரண்டு துணிகள்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று வீசிய காற்று மணிக்கு 278 கிலோமீட்டர் எனப் பதிவாகியிருக்கிறது. அந்த மலையின் உயரம் 1,245 மீட்டர்தான். நம் தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. ஆனாலும் அங்கே நடப்பவர்களைக் குளிரைவிடக் காற்றுதான் அதிகம் வாட்டுகிறது. காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 7 போல உறைக்கும். ஃபிளீஸ் சட்டை கதகதப்பைத் தேக்கி வைக்கும், காற்றைத் தடுக்காது. அதன் மேல் மெல்லிய தடுப்பு ஒன்று வேண்டும். அந்தத் தடுப்புக்கு வென்டைல் பருத்தியா, ரிப்ஸ்டாப் நைலானா என்பதை இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

பார்த்த மாத்திரத்தில் பருத்தி பழையது, நைலான் புதியது என்று தோன்றும். காலவரிசை இதற்கு நேர்மாறானது. டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது 1935-ல். மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிறுவனத்தில் வென்டைல் பிறந்ததோ இரண்டாம் உலகப் போரின் நடுவில். பாட்டன் காலத்துத் துணி போலத் தெரிகிற பருத்தி, நைலானுக்குத் தம்பி. இரண்டுமே ஆய்வகத்தின் பிள்ளைகள்.

உறவு அத்தோடு முடியவில்லை. இரண்டையும் வளர்த்தது விமானியின் உயிர் பற்றிய கவலை. ஜப்பானியப் பட்டு வரத்து நின்றதும் அமெரிக்காவில் பாராசூட்டுகள் நைலானுக்கு மாறின. ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் மேலே ஓடாதபடி, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை கோத்துக் கட்டம் கட்டமாக நெய்யும் ரிப்ஸ்டாப் முறையும் அந்தப் போர்க்காலத்தில்தான் வந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் கவலை வேறுவிதமானது. பிரிட்டனின் சரக்குக் கப்பல்களிலிருந்து உந்துபொறியால் ஏவப்பட்ட ஹரிகேன் விமானங்கள் மீண்டும் கப்பலில் வந்து இறங்க வழியில்லை. கரை எட்டாத தூரமென்றால் விமானி கடலில்தான் இறங்கியாக வேண்டும். உறையும் நீரில் உயிர் தங்குவது நிமிடக் கணக்குதான். விமானத்துக்குள் வேர்க்கவிடாமலும், கடலில் விழுந்த கணத்தில் நீரை உள்ளே விடாமலும் இருக்கும் உடை தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு விடையாக வந்தது வென்டைல். வானிலிருந்து விழுபவனைத் தாங்கியது ஒரு துணி, கடலில் விழுந்தவனைக் காத்தது மற்றொன்று.

இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வேற்றுமை புலப்படும். நைலானில் ஒளி ஊடுருவி, கட்டங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. பெரும்பாலும் 10 முதல் 20 டெனியர் வரையிலான இழை அது. 15 டெனியர் என்றால், அந்த இழையின் 9 கிலோமீட்டர் நீளம் வெறும் 15 கிராம். வென்டைலில் வெளிச்சம் மங்குகிறது. அதற்கு வேண்டியது மிக நீண்ட இழைப் பருத்தி. கோவையில் உருவான சுவின் ரகமும் அந்த வகையைச் சேர்ந்ததே. பாவு நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மிக நெருக்கமாக நெய்கிறார்கள். அந்த நெருக்கமே அங்கே காவல். நைலானுக்கு அது போதாது. நெய்த பின் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி, இழைகளைத் தட்டையாக்கி, இடைவெளிகளைக் குறுக்குகிறார்கள்.

ஆனால் எதுவும் முழுக்க அடைபடவில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டிலும் பிளாஸ்டிக் படலம் கிடையாது. காற்று சிறிதும் கசியாத பாராசூட், விரியும்போது உடலைக் கடுமையாக உலுக்கும். விரிந்த பிறகு ஊசலாடும். எனவே அளவாகக் கசிவது பாராசூட் துணிக்கும் தேவையான குணம். மேட்டில் ஏறுகிறவருக்கு வேண்டியதும் அதே அளவான கசிவுதான். காற்றை நூற்றுக்கு நூறு மறிக்கும் மழை ஜாக்கெட்டை அணிந்து ஏறினால், அரை மணி நேரத்தில் உள்சட்டை வியர்வையில் நனைந்துவிடும். உச்சியில் நின்றதும் அந்த ஈரமே குளிராக மாறும்.

கடையில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. துணியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். முயன்று ஊதும்போது மறுபக்க விரலில் சிறு காற்று பட்டால் அது ஏறுபவருக்கான துணி. சற்றும் படவில்லையென்றால் நிற்பவருக்கானது. நைலான் ஜாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று இதில் பெரிதும் வேறுபடும் என்பதால், விலைச்சீட்டில் உள்ள எடையை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. வென்டைல் காற்றை மிகக் குறைவாகவே விடும். ஆனால் வியர்வை ஆவியைப் பருத்தி தானே உறிஞ்சி வெளியே கடத்துகிறது. நைலானுக்கு அந்த உதவி இல்லை, கசிவு ஒன்றே வழி.

நனைந்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வென்டைலின் இழைகள் நீர் பட்டதும் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. ஜாக்கெட் கஞ்சி போட்ட வேட்டி போல விறைக்கும், கனக்கும். ஆனால் நீர் உள்ளே இறங்கத் தாமதமாகும். உலர மணிக்கணக்காகும். நைலான் பருக்காது, சீக்கிரமே நீரை உள்ளே விட்டுவிடும்; காற்று வீசினால் அதே வேகத்தில் உடம்பிலேயே காய்ந்தும்விடும். தொடர்மழைக்கு இரண்டுமே ஈடுகொடுக்காது, மழை ஜாக்கெட் தனியே பையில் இருக்க வேண்டும்.

எடையில் போட்டியே இல்லை. நல்ல நைலான் ஜாக்கெட் 100 கிராமை ஒட்டி நிற்கும். தன் பைக்குள்ளேயே சுருண்டு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வென்டைல் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டும், பையில் மடக்கி வைப்பதைவிட அணிந்திருப்பதே வசதி. இதை வைத்தே நான் முடிவு செய்வேன். காலையில் போட்டு, மேட்டில் கழற்றி, கணவாயில் மீண்டும் போட்டு நடப்பவருக்கு நைலான். உலர்குளிரில் அசையாமல் காத்திருக்கும் பறவை நோக்கருக்கும் விறகுத் தீயருகே அமர்பவருக்கும் பருத்தி. அது சரசரக்காது, தீப்பொறி பட்ட இடத்தில் நைலானைப் போல உருகி ஓட்டை விழாது. நெடும்பயணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் நைலானைச் சொல்வேன்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய பிரிட்டிஷ் குழுவின் காற்றுத்தடுப்பு உடைகள் பருத்தியும் நைலானும் சேர்த்து நெய்த துணியால் ஆனவை. டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியில் நின்றபோது அவர்களைக் காற்றிலிருந்து காத்தது இந்தக் கலப்புதான்.

வாங்கிய பின் இரண்டுக்கும் பராமரிப்பு பெரும்பாலும் ஒன்றே. நீர் உருண்டோட வைக்கும் மேற்பூச்சு இரண்டிலும் உண்டு, இரண்டிலும் அது தேயும். பையின் பட்டை உரசும் தோளிலும், வியர்வை எண்ணெய் படியும் கழுத்திலும் முதலில் தேயும். சலவைத்தூள் மிச்சமும் அதைக் கெடுக்கும் என்பதால், இதற்கென்றே விற்கும் திரவச் சோப்பில் துவைத்து நன்றாக அலச வேண்டும். பூச்சு அடியோடு போய்விட்டாலும் வென்டைலில் இழைகள் பருத்து அடைக்கும் இரண்டாம் காவல் மிஞ்சியிருக்கும். நைலானுக்கு அப்படி ஒன்று இல்லாததால், ஆண்டுக்கு ஒருமுறையாவது பூச்சைப் புதுப்பிக்க வேண்டியது அதற்குத்தான்.