ஒரு டாலர் மருந்தின் நூறாண்டுப் பயணம்

சிறு வயதில் சர்க்கரை நோய் வந்தால் பிழைக்க வழியில்லை என்பதே 1921 வரை உலகம் கண்ட உண்மை. அந்த ஆண்டுக் கோடையில் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று, எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு மாட்டுக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. சாற்றில் கசடு இருந்ததால் ஊசி போட்ட இடம் புண்ணானது. அவர்களுடன் பணியாற்றிய ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. சிறுவன் இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். இன்சுலின் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

அங்கிருந்து அது அமெரிக்காவின் லில்லி மருந்து நிறுவனத்தின் ஆலைக்கும் டென்மார்க்குக்கும் போனது. கசாப்புக் கூடங்களில் சேர்ந்த மாட்டு, பன்றிக் கணையங்கள் டன் கணக்கில் மருந்தாயின. 1982இல் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலினே விற்பனைக்கு வந்தது. 1996இல் லில்லியின் ஹுமலாக் என்ற இன்சுலின் வந்தது. ஒரு குப்பி சுமார் 21 டாலர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதே குப்பியின் அறிவிக்கப்பட்ட விலை 270 டாலரைத் தாண்டியது. மருந்து மாறவில்லை. அமெரிக்காவில் விலையைப் பேசி முடிவு செய்தவர்கள் மருந்து நிறுவனங்களும் காப்பீட்டுக்காரர்களும் இடைத்தரகர்களும். விலை ஏற ஏறத் தரகர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் ஏறியது. காப்பீடு இல்லாதவர் முழு விலையையும் சுமந்தார். அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு உயிரை விட்டவர்களும் உண்டு.

2019 ஜூலையில் அமெரிக்க நோயாளிகள் சிலர் செனட்டர் பெர்னி சாண்டர்ஸுடன் எல்லை தாண்டிக் கனடாவின் வின்ட்சர் நகருக்குப் பேருந்தில் போய், அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு இன்சுலின் வாங்கினார்கள். காப்புரிமை உள்ள மருந்துகளின் விலையைக் கண்காணிக்கக் கனடாவில் தனி வாரியம் உண்டு. ஆனாலும் கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும்தான். வீட்டில் போட்டுக்கொள்ளும் மருந்தை அது முழுமையாக ஏற்றதில்லை. சர்க்கரை நோய் மருந்துகளுக்கு வழிசெய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது.

பிரிட்டனில் வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதாரச் சேவையின் சீட்டைக் காட்டினால் இன்சுலின் இலவசம். தமிழ்நாட்டில் மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் கிடைக்கிறது. தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர் மருந்துக் கடையில் கைக்காசு கொடுத்து வாங்குகிறார்.

அமெரிக்காவும் மெல்ல மாறியது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள முதியவர்களுக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலர் என்று வரம்பு கட்டியது. மறு ஆண்டு லில்லி தன் முக்கிய இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. அவ்வளவு குறைத்தும் விற்க முடியும் என்றால், அத்தனை ஆண்டுகள் நோயாளிகள் கொடுத்த விலைக்கு நியாயமே கிடையாது. ஒரு நாட்டின் மருத்துவ முறை நல்லதா என்று அறிய அதன் பெரிய மருத்துவமனைகளைப் பார்க்க வேண்டாம். அங்குள்ள ஏழைக்கு மாத இன்சுலின் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள்.