மூன்று நிமிட வள்ளி

ஆடிக் கடைசி வெள்ளிக்கு வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடி மணலில் மாட்டுவண்டிகள் அவிழ்த்துக் கிடக்குமாம். அங்கே ரேடியோ செட் கட்டியவர் என் தாத்தா. அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளில் ஒன்று, நாடக நடிகர் கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’.

வேடனாக வரும் முருகன் அந்தப் பாட்டைப் பாடும் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் மேடையில் விடிய விடிய நடக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் கோழி கூவிவிடும். 78 சுற்றுத் தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் மேலே. தர்க்கம் போச்சு, ஆர்மோனியக்காரர் சேட்டை போச்சு, ‘ஒன்ஸ்மோர்’ போச்சு.

ஆனாலும் அந்தக் குரல்! உச்சியில் பிருகாக்கள் மத்தாப்புப் பொறியாக உதிரும், ஒன்றுகூட நமத்ததில்லை. (பட்டாசுச் சீமைக்காரன் வேறெப்படிச் சொல்ல?)

செங்கோட்டைக்காரர் கிட்டப்பா 1933இல், 27 வயதில், போய்விட்டார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் டி.ஆர். மகாலிங்கம் அதே பாட்டைப் பாடினார். ஒலிப்பதிவு அதில்தான் தெளிவு. எனக்கு அதுவே பிடிக்கும். தாத்தா ஒப்பவில்லை: “இவரு நல்லாப் பாடுறாரு, தம்பி. அவரு வேட்டைக்கே வந்திருக்காரு.”