லிபரல் ஆர்ட்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா? சிங்கப்பூரில் மூடப்பட்ட கல்லூரி சொல்வது என்ன?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "லிபரல் ஆர்ட்ஸ் படிக்கப் போறேன்" என்று சொன்னால், பல வீடுகளில் உடனே வரும் கேள்வி: "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" கட்டணம் லட்சங்களில் இருக்கும்போது இந்தக் கேள்வியைத் தவறு என்று சொல்ல முடியாது.

இந்தப் படிப்புக்கென்றே சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஒரு கல்லூரி, பெரும் எதிர்பார்ப்புகளுக்கு நடுவே திறக்கப்பட்டு 12 ஆண்டுகளில் மூடப்பட்டது. அப்படியானால் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இல்லையா?

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன?

பெயரில் 'ஆர்ட்ஸ்' இருப்பதால் பிளஸ் டூ ஆர்ட்ஸ் குரூப்பின் தொடர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதில் அறிவியலும் கணிதமும் உண்டு. பழைய ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழும்தான் 'லிபரல் ஆர்ட்ஸ்' எனப்பட்டன.

இன்றைய வடிவில், மாணவர்கள் முதலில் பல துறைகளின் அடிப்படையைப் படிப்பார்கள். பிறகு ஒரு துறையை முதன்மைப் பாடமாகத் தேர்ந்தெடுப்பார்கள்.

எதற்காகப் பல துறைகள்?

சிங்கப்பூரின் குடிநீரையே எடுத்துக்கொள்ளலாம். 1962-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து அந்த நாடு தண்ணீர் எடுக்கிறது. ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. இன்னொரு பக்கம், கழிவுநீரைச் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்ற பெயரில் மறுபடியும் பயன்படுத்துகிறது.

சுத்திகரிப்பு வேதியியல் சம்பந்தப்பட்டது. ஒப்பந்தம் என்றால் வரலாறும் சட்டமும் வந்துவிடும். விலை நிர்ணயத்துக்குப் பொருளாதாரம் தெரிய வேண்டும். "கழிவுநீரையா குடிக்கிறது?" என்ற தயக்கத்தைப் போக்க மக்களின் மனநிலை புரிய வேண்டும். ஒரு துறை மட்டும் தெரிந்தவருக்குப் பிரச்சினையின் ஒரு பக்கம்தான் தெரியும்.

சிங்கப்பூரில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-ல் யேல்-என்யுஎஸ் கல்லூரியை உருவாக்கின. 2013-ல் 157 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. எல்லா மாணவர்களுக்கும் பொதுவான பாடத்திட்டம் இருந்தது. ராமாயணமும் கிரேக்கக் காவியங்களும், கன்பூசிய மரபும் பிளேட்டோவும், கூடவே அறிவியலும் புள்ளிவிவரமும் அதில் இடம்பெற்றன.

2021 ஆகஸ்டில் திடீரென ஓர் அறிவிப்பு வந்தது: இனி புதிய மாணவர் சேர்க்கை இல்லை, 2025-ல் கல்லூரி மூடப்படும். "எங்களைக் கேட்காமலே எப்படி முடிவெடுக்கலாம்?" என்று மாணவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். எதிர்ப்பு மனுவில் 10,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

ஏன் மூடினார்கள்?

பல துறைக் கல்வியை அதிக மாணவர்களுக்குக் கொண்டு செல்லவே இந்த முடிவு என்றது பல்கலைக்கழகம். கல்லூரிக்கான நன்கொடை நிதி இலக்கை எட்டவில்லை என்பதை அப்போதைய கல்வி அமைச்சர் சான் சுன் சிங் நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டார். கல்விச் சுதந்திரம்தான் உண்மையான காரணமா என்ற சந்தேகத்தைச் சிலர் எழுப்பினர். அரசு அதை மறுத்தது.

கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். பல துறைக் கல்வியை அந்தப் பல்கலைக்கழகம் கைவிடவில்லை. 2021-லேயே கலை, அறிவியல் புலங்கள் இரண்டும் சேர்ந்து பொதுப் பாடத்திட்டத்துடன் ஒரு புதிய கல்லூரியைத் தொடங்கின. 2022-ல் யேல்-என்யுஎஸ் இருந்த இடத்தில் 'என்யுஎஸ் கல்லூரி' வந்தது. அதாவது, கைவிடப்பட்டது செலவு அதிகமான சிறிய கல்லூரி என்ற வடிவம்தான்.

படித்தவர்களின் பட்டம் என்ன ஆச்சு?

செல்லும். காரணம், பட்டத்தை வழங்கியது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், பட்டம் தருவது யார் என்று பார்க்க வேண்டும் என்பது இதில் கிடைக்கும் முதல் பாடம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

ஹரியானாவின் சோனிபட்டில் அசோகா, பெங்களூருவில் அசிம் பிரேம்ஜி, சென்னையை ஒட்டிய ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் கிரியா எனப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் இந்த முறையில் பாடம் நடத்துகின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைக் கல்வியையும் நான்கு ஆண்டுப் பட்டத்தையும் முன்வைக்கிறது.

சரி, வேலை?

ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால், பி.இ., நர்சிங், சி.ஏ. போல இந்தப் பட்டம் ஒரு குறிப்பிட்ட தொழிலைக் கையில் தராது. நேர்காணலில் தனக்கு என்ன தெரியும் என்பதை மாணவரே விளக்கிக் காட்ட வேண்டும். அதனால் முதல் வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கலாம்.

ஆனால் முதல் வேலையே கடைசி வேலை இல்லை. இன்று கற்ற மென்பொருள் பத்து ஆண்டில் பழசாகிவிடலாம். தெளிவாக எழுதுவது, புள்ளிவிவரத்தைச் சந்தேகத்தோடு படிப்பது, வேறு துறைக்காரரின் மொழியைப் புரிந்துகொள்வது ஆகியவை அவ்வளவு சீக்கிரம் பழசாகாது. வேலை மாறும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள இவை கைகொடுக்கும்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

* பல்கலைக்கழகத்துக்கு யுஜிசி அங்கீகாரம் உண்டா? யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, வங்கி அதிகாரி தேர்வு ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஒரு பட்டம் போதும்.

* சான்றிதழில் முதன்மைப் பாடம் எப்படிக் குறிப்பிடப்படும்? ஆசிரியர் பணி போன்றவற்றுக்குப் பாடத்தின் பெயரே முக்கியம். பெயர் மாறினால் இணைச் சான்று கேட்பார்கள்.

* உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு? முதல் ஆண்டுக்கு மட்டுமா, முழுப் படிப்புக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

* கடன் வாங்கித்தான் படிக்க வேண்டுமா? முதல் வேலை கிடைக்கத் தாமதமானால் தவணையை யார் கட்டுவது என்பதை வீட்டில் முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும்.

பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வம் இருந்து, மேலே உள்ள கேள்விகளுக்குத் தெளிவான பதிலும் கிடைத்தால், இந்தப் பட்டத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.