நிழலும் கூலியும்

மெல்பேணின் மேற்கில் மரங்கள் குறைவு. எரிமலைப் பாறைச் சமவெளி, குறைந்த மழை, இறுகிய களிமண். இயற்கையே அதைப் புல்வெளியாகத்தான் விட்டது என்பர். இது முழு உண்மையன்று.

அறுவடை இயந்திர முதலாளி எச்.வி. மக்கே 1909இல் சன்ஷைனில் தன் தொழிற்சாலையருகே பூங்கா அமைத்தார். பராமரிப்புக் கிடைத்ததும் அதே மண்ணில் மரங்கள் வளர்ந்தன. தொழிற்சாலை போய்விட்டது, பூங்கா இன்றும் நிற்கிறது.

அதே மக்கேதான், 1907இல் நீதிபதி ஹிகின்ஸ் நியாயமெனத் தீர்த்த ஏழு ஷில்லிங் நாட்கூலியைக் கொடுக்க மறுத்து வழக்காடி, 1908இல் உயர் நீதிமன்றில் வென்றவர். நிழல் அவர் விரும்பிக் கொடுத்த கொடை. கூலி தொழிலாளர் கேட்ட உரிமை. கொடை கிடைத்தது, உரிமை மறுக்கப்பட்டது.

2011இல் தொடங்கிய 'கிறீனிங் த வெஸ்ற்' முயற்சி, நிழலை மக்களின் சுகாதாரத்தோடு சேர்த்துப் பேசுகிறது. இது முக்கியமான மாற்றம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒருகாலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்றவன், இன்று ஆலை வேலை முடிந்து நிழலற்ற பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்கிறேன்: நட்ட கன்றுக்கு முதற் கோடைகளில் தண்ணீர் ஊற்றுவது யார்? அச்செலவு வரவுசெலவுத் திட்டத்தில் இல்லையெனில், நாம் 1909இன் கொடைக்கே திரும்புகிறோம்.