களைக்கொல்லித் தடையும் ஓசூர் எல்லையும்

ஓசூரில் இருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். தொலைவு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தமிழ்நாடு அரசு ஒரு வேளாண் நஞ்சின் விற்பனையைத் தடை செய்தால், அந்த ஆணை ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2004இல் தருமபுரியில் இருந்து பிரிக்கப்பட்ட கிருட்டிணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புகளும் காய்கறி வயல்களும், ஓசூர்ப் பக்கம் ரோசாப் பண்ணைகளும் மிகுதி. அருகிலேயே சிப்காட் தொழிற்பேட்டைகளும் உள்ளன. ஆலைக் கூலி கிடைக்கும் இடத்தில் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிது. களைக்கொத்து செய்த வேலையைத் தெளிப்பான் செய்யத் தொடங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

தடை செய்யும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1958க்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவுப்பொருளும் பூச்சிக்கொல்லியும் ஒன்றாக ஏற்றி அனுப்பப்பட்டதே காரணம். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி சே. சி. சா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாகவே பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968 இயற்றப்பட்டது. பெயரில் பூச்சி மட்டும் இருந்தாலும், களைக்கொல்லிகளும் இச்சட்டத்தின் கீழ்தான் வருகின்றன.

இச்சட்டத்தின் 27ஆம் பிரிவுதான் சிக்கலின் மையம். மக்களுக்கோ கால்நடைகளுக்கோ ஆபத்து எனக் கருதினால், மாநில அரசு ஒரு நஞ்சின் விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாட்களுக்கு நிறுத்தி வைக்கலாம். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். ஆனால் பதிவை நீக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்கே உண்டு. ஆக, ஒரு மாநிலத்தின் கையில் இருப்பது மூன்று மாதத் தடை. அது ஒரு பயிர்ப் பருவத்துக்குக்கூடப் போதாது.

பாராகுவாட் இதற்குச் சரியான சான்று. அதற்கு முறிமருந்து இல்லை. சிறிதளவு விழுங்கினாலே சிறுநீரகமும் நுரையீரலும் சிதைந்து உயிர் போகும். சுவீடன் 1983இல் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2007இல் இதன் அனுமதியை நீக்கியது. இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கியது. அங்கு நஞ்சருந்தி இறப்போர் எண்ணிக்கை குறைந்தது. விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்தியாவில் கேரளம் 2011இல் தடை விதித்தது. ஒடிசாவில் மருத்துவர்களே முன்னின்று குரல் கொடுத்த பின், 2023இல் அம்மாநிலம் விதித்ததும் 60 நாள் தடைதான்.

கிளைபோசேட்டின் கதை வேறு. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா நிலங்களுக்கும் மட்டுமே இதற்கு அனுமதி. பிற பயிர்களில் அடிப்பது விதிமீறல் என்றாலும், கடையில் வாங்கிய புட்டி எந்த வயலுக்குப் போகிறது என்று பார்ப்பவர் யார்? 2022 அக்டோபரில் நடுவண் அரசு, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என ஆணையிட்டது.

தமிழ்நாடு அரசும் 2022-23இல் 27ஆம் பிரிவைப் பயன்படுத்தியது. தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கில், மோனோகுரோட்டோபாசு, அசிபேட், குளோர்பைரிபாசு உள்ளிட்ட ஆறு நஞ்சுகளுக்கு 60 நாள் தடை விதித்தது. அந்த ஆறும் பூச்சிக்கொல்லிகள். பாராகுவாட் அப்பட்டியலில் இல்லை.