மீன்குஞ்சின் முதல் உணவு



திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ளது கிளியனூர். அதனை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, வகுப்பறைத் தொட்டியிலே பொன்மீன் முட்டையிட்டது. குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. அவை பசியால் வாடுவதாக எண்ணி, அரிசிமாவைத் தாராளமாகத் தூவினேன். மறுநாட் காலை நீர் கலங்கி நாறியது. ஒரு குஞ்சும் எஞ்சவில்லை. "ஐயா, நாம்தானே கொன்றோம்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்ற வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

பொன்மீனை வளர்ப்பு மீனாக்கியவர்கள் சீனர்கள். சாங் மரபினர் ஆண்ட காலத்திலேயே அங்கு அக்கலை சிறந்திருந்தது. பொதுமக்கள் காணத்தக்க மீன்காட்சிசாலை 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் திறக்கப்பெற்றது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909ஆம் ஆண்டில் ஒன்று திறக்கப்பட்டது; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டுவிட்டது.

மீனைக் காட்டுவது எளிது. குஞ்சை வளர்ப்பதன்றோ அரிது! பிறந்த குஞ்சின் வயிற்றடியில் மஞ்சட்கருப் பை ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாள்களுக்கு அதுவே அதன் கட்டுச்சோறு. அது தீர்ந்தபின் குஞ்சு நீந்தத் தொடங்கும். அப்போது அதன் சிறு வாய்க்கு ஏற்ற நுண்ணுயிர்கள் வேண்டும். வைக்கோல் ஊறிய நீரில் அவை பெருகும்.

மரக்காணத்து உப்பளங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உலகின் பல நாடுகளில், அத்தகைய உவர்நீரில் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. அதன் முட்டைகளை உலர்த்திச் சேமிக்கலாம். உப்புநீரில் இட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். அவ்வாறு பொரித்தவை மீன்குஞ்சுகளுக்கு நல்லுணவாகும் என்று 1933இல் அமெரிக்கரான சீல் என்பவரும், 1939இல் நார்வே நாட்டவரான ரோலெஃப்சன் என்பவரும் காட்டினர்.

நம் நாட்டிலோ வேறொரு தடை இருந்தது. ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றில் இனம் பெருக்குமேயன்றித் தேங்கிய குளத்தில் பெருக்கா. எனவே, வெள்ளக் காலத்தில் ஆற்றிலே வலைவிரித்துக் குஞ்சு சேகரித்தனர். அவற்றுள் வேண்டாத மீன்களும் கலந்திருக்கும். 1957 ஜூலை 10ஆம் நாள், ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில், அறிஞர் ஹீராலால் சௌத்ரி மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மறு ஆண்டு, கேள்வி கேட்ட அச்சிறுவனே வைக்கோல் நீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினான். சில குஞ்சுகள் பிழைத்தன. "ஆம், சென்ற ஆண்டு நான்தான் கொன்றேன்" என்று அன்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். மாணவர்களே, அன்பு மட்டும் போதாது. எப்போது, எவ்வளவு என்னும் அறிவும் வேண்டும். மீனுக்கு உணவிடுவோர்க்கும், பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டுவோர்க்கும் இது பொருந்தும்.